கண்ணுக்கு முன் வைத்த விளக்கு

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் வீட்டு அம்மணி போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இதை எழுதுகிறேன். போன ஞாயிறு நாம் இருவரும் போனில் கத்திய கத்தலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாராமே. "இனிமே வேலை விஷயம்னா ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. எழுதிக்குங்க. எழுதுறப்ப யாராலயும் கத்த முடியாது" என்று தங்கச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அதனால் கத்தாமல் சொல்கிறேன். உங்கள் காகித ஆலைக்கு நான் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்து மாட்டிய பர்னர் எனக்கு வெறும் இரும்பு இல்லை. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஏழு பேர் பன்னிரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். காற்றைக் கூட்டி, எரிவாயுவைக் குறைத்து, சுடரை மெல்லியதாக எரிய விடுகிற பர்னர். எரிபொருளில் ஆறில் ஒரு பங்கு மிச்சம். புகையில் இருக்கிற நச்சு பாதிக்கும் கீழே. இது எல்லா ஆலைகளுக்கும் போனால் அந்த ஊர்க்காரர்கள் துணி காயப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

நான் எழுதிக்கொண்டிருப்பது பதினைந்து வருடத் திட்டம். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் இடம் கிடைத்தால் நாற்பது ஆலைகளில் இந்த பர்னர் உட்காரும். இரண்டாம் கட்டம் என்று தள்ளிவிட்டால் கிணற்றில் போட்ட கல்தான். அதற்குள் அரசாங்கம் மாறும், அதிகாரி மாறுவார், என் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள். திட்டக் குழு கேட்பது ஒன்றே ஒன்று: இந்த பர்னர் தானாக எத்தனை தடவை நின்றது? நீங்களோ ஷிஃப்டுக்கு இரண்டு தடவை நிற்கிறது என்கிறீர்கள்.

முதலில் தங்கையைக் கொடுத்தேன், அப்புறம் பர்னரைக் கொடுத்தேன். முதலாவதைப் பற்றி இதுவரை புகார் வரவில்லை. இரண்டாவதையும் கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா?

உங்கள் மச்சான்


ஜூன் 11

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேரவே ஐந்து நாள் ஆகிவிட்டது. முதலாவதைப் பற்றி ஏன் புகார் வரவில்லை என்றால், நான் எழுதுகிற கடிதங்களை அவள்தான் தபாலில் போடுகிறாள்.

நீங்கள் இந்த பாய்லர் அறைக்கு மொத்தம் மூன்று தடவை வந்திருக்கிறீர்கள். மூன்று தடவையும் சலவைச் சட்டை, கூடவே மேனேஜர். நான் இதற்குப் பொறுப்பாளனாகப் பதினொரு வருடமாக இங்கேயே கிடக்கிறேன். அதனால் சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் சுடர் ரொம்ப மெல்லிசு. காற்று கொஞ்சம் ஈரமாக வந்தாலே தள்ளாடுகிறது. உலைச் சுவரில் ஒரு கண் வைத்திருக்கிறீர்களே, சுடர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற கருவி, அது சுடரைக் காணோம் என்றதும் எரிவாயுவை மூடிவிடுகிறது. அது செய்வது சரி. மூடாவிட்டால் அணைந்த அடுப்பில் கேஸ் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே செங்கல் எல்லாம் தகதகவென்று சிவந்து கிடக்கிறது. அப்புறம் தீக்குச்சி எதற்கு?

ஆனால் கண் கேஸை மூடும்போதெல்லாம் நீராவி இறங்குகிறது. நீராவி இறங்கினால் அந்தப் பக்கம் காகிதம் அறுகிறது. அங்கிருந்து ஒருவன் ஓடி வந்து எங்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். உலையை ஊதிச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்க அரை மணி நேரம். என் ஃபோர்மேனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண் இமை பாதி மூடினாற்போலவே இருப்பார், எல்லோரும் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவார்கள், அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். அந்த மனுஷன் ஒரு மாதமாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. சோற்றை எடுத்து வாயில் வைத்தால் அலாரம் அடிக்கிறது.

உங்கள் திட்டத்தின் நகலைப் படித்தேன். எரிபொருளுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது, புகைக்கு இருக்கிறது, செலவுக்கு இரண்டு இருக்கிறது. சுடர் அணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. இது நல்ல பர்னர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னும் வேகவில்லை. இரண்டாம் கட்டத்தில் போடுங்கள். முதல் ஐந்து வருடம் சுடரை நிலைநிறுத்துகிற வேலையைப் பாருங்கள். பாதி வெந்ததைப் பரிமாறாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

வேகவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் இருக்கிறது. இரண்டாம் கட்டம் வரும்போது நான் நாற்காலியில் இருக்க மாட்டேன். வருகிறவருக்கு இதன்மேல் என்ன அக்கறை?

எங்களுக்குக் குழு வைத்திருக்கிற அளவு இதுதான்: தொடர்ந்து ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு நிறுத்தத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் 26 அன்று கூட்டம். அந்தக் கண் கொஞ்சம் அவசரக்குடுக்கையாக இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அதைச் சற்றுப் பொறுமையாக வைக்க முடியுமா, காற்று வரும் மடையைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். எல்லாம் விதிக்கு உட்பட்டுத்தான். நான் உங்களைத் தப்புச் செய்யச் சொல்லவில்லை.

உங்கள் மேனேஜருக்கும் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேன். சோதனை நன்றாக முடிந்தால் ஆலையின் பெயர் திட்டத்தின் முதல் பக்கத்தில் வரும் என்று. அதில் தவறில்லையே?

தங்கச்சியிடம் நான் கத்தவில்லை என்று சொல்லுங்கள்.

மச்சான்


ஜூலை 28

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் மன்னிப்பு. நீங்கள் சொன்னதுதான் சரி.

காற்று மடையைத் திருத்தினோம். கண்ணுக்கு விதி அனுமதிக்கிற அளவுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தேன். முதல் வாரம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அப்புறம் பாருங்கள், சாமி வந்து அடங்கினாற்போல அடங்கிவிட்டது. மூன்று வாரமாக ஒரு நிறுத்தம்கூட இல்லை. போன வாரம் அடித்த புயலில் மின்சாரம் இரண்டு தடவை இறங்கி ஆலை விளக்கெல்லாம் மங்கியது. அப்போதும் பர்னர் அசையவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

நான் இந்த மாதம் முழுக்கப் பழைய பாய்லரைப் பிரித்துப் பழுதுபார்க்கும் வேலையில் மாட்டிக்கொண்டேன். புதியதைத் தூங்குமூஞ்சிதான் பார்த்துக்கொள்கிறார். மனுஷன் இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இந்தப் பதினொரு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கண் எழுதுகிற வரைபடங்கள் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் குழுவின் மூக்கு முன்னால் நீட்டுங்கள். கூட்டம் முடிந்ததும் இங்கே வந்துவிட்டுப் போங்கள். போன் தடையை நீக்குவது பற்றி யோசிக்கிறேன் என்று உங்கள் தங்கச்சி சொல்கிறாள். அவள் யோசித்தால் பாதி நீங்கினாற்போலத்தான்.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஜூலை வரைபடங்களும், அப்புறம் வாரவாரம் நீங்கள் அனுப்பியவையும் கிடைத்தன. பிரிவில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எங்கள் உலோக நிபுணர், வாயே திறக்காத மனிதர், என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். முதல் கட்டத்தில் இடம் உறுதி என்று தலைவரே சாடையாகச் சொல்லிவிட்டார்.

ஒரு சின்ன விஷயம். நேற்று தனியாக உட்கார்ந்து வரைபடங்களை மறுபடி புரட்டினேன். மெல்லிய சுடர் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும், பன்னிரண்டு வருடம் அதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நேரம் போல ஒரு நேரம் ஆடாது. ஜூலையிலிருந்து இந்தக் கோட்டில் ஆட்டம் இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி ஆட்டம். புயல் நாளில் மின்சாரம் இறங்கியதாக எழுதியிருந்தீர்கள். விசிறி தளர்ந்திருக்கும், காற்று குறைந்திருக்கும், சுடர் கொஞ்சமாவது துவண்டிருக்க வேண்டும். கோடு அன்றும் அப்படியே போகிறது.

கருவியில் ஏதாவது கோளாறாக இருக்கலாம். நேரம் கிடைக்கும்போது அந்தக் கண்ணை ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுங்கள். அவசரமில்லை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்


ஆகஸ்ட் 28

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்த கையோடு போய்க் கண்ணைக் கழற்றினேன்.

கண் உலைக்குள் எட்டிப் பார்க்க ஒரு குழாய் இருக்கிறதே, அந்தக் குழாய்க்குள் ஒரு சின்ன விளக்கு. பேட்டரியில் எரிவது. கடைகளில் அலங்காரத்துக்கு வைப்பார்களே, மெழுகுவர்த்தி மாதிரி மினுக்மினுக் என்று ஆடுகிற விளக்கு, அது. நிலையாக எரிகிற பல்பை அந்தக் கண் நம்பாது, சுடர் என்றால் ஆடும் என்று அதற்குத் தெரியும். அதனால் ஆடுகிற விளக்காகத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார்கள். உங்கள் பன்னிரண்டு வருட ஆராய்ச்சியைக் குழந்தைகள் விளையாடுகிற சாமான் ஒன்று ஏமாற்றியிருக்கிறது.

தூங்குமூஞ்சியைக் கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஒரு தடவை நின்னாலும் எழுத்துல விளக்கம் கொடுக்கணும்னு மேனேஜர் சொன்னாருங்க. முதல் பக்கத்துல ஆலை பேரு வரப்போகுதாம். பசங்க சோறு தின்னு நாளாச்சு. நான் பர்னர் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிறேன், எங்கண்ணை விடவா அந்தக் கண்ணு?" என்றார். அவர் நின்றுதான் பார்த்திருக்கிறார். சுடர் சாயும்போதெல்லாம் கையாலேயே எரிவாயுவைக் குறைத்துக் கூட்டிப் பிழைக்க வைத்திருக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் திரும்பித் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததைவிட என்மேல்தான் வந்தது. மூன்று வாரம் நின்றதே இல்லை என்றதும் நான் ஏன் போய்ப் பார்க்கவில்லை?

விளக்கை எடுத்துவிட்டேன். உடனே பழையபடி நிற்க ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது.

நேற்று மாலை உங்கள் தங்கச்சி போட்ட சட்டத்தை மீறி உங்களுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது என்று தெரியும். முடிந்தாலும் பரவாயில்லை, உடனே குழுவிடம் போய்ச் சொல்லுங்கள். நாற்பது ஆலை, மச்சான். ஒவ்வொரு ஆலையிலும் பசித்த ஆட்கள் இருப்பார்கள், ஒரு மேனேஜர் இருப்பார். அந்த விளக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

விளக்கை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். உங்கள் குழு கேட்டால் காட்ட வேண்டும். பதிலை மட்டும் தாமதிக்காதீர்கள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், வேறு யார் கையிலும் போகக் கூடாது.

நீங்கள் போன் செய்தபோது நான் அறையில்தான் இருந்தேன். எடுத்திருக்கலாம். உங்கள் பெயரைப் பார்த்ததும் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. கை போகவில்லை. மேசையில் மாலை இருந்தது, பூங்கொத்து இருந்தது. செவ்வாய்க்கிழமை குழு முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது.

திட்டம் இப்போது மந்திரியின் மேசைக்குப் போயிருக்கிறது. 12ஆம் தேதி கையெழுத்து. இன்னும் பத்து நாள். இப்போது போய் "எல்லாம் பொய், ஒரு பொம்மை விளக்கு" என்றால் பர்னரை மட்டும் தூக்க மாட்டார்கள், திட்டத்தையே தூக்கி எறிவார்கள். அதில் உலைகளின் வெப்பத்தை மீட்கிற வேலை இருக்கிறது, கண்ணாடி ஆலைகளுக்கான வேலை இருக்கிறது, பல பேருடைய உழைப்பு இருக்கிறது. கையெழுத்து ஆகட்டும். ஆன மறுநாளே ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன்: எந்த ஆலையிலும் பர்னரை மாட்டுவதற்கு முன் கண்ணைத் திருத்தும் ஆராய்ச்சி, முதல் இரண்டு வருடம். நீங்கள் ஜூனிலேயே சொன்னதுதான். உங்கள் பெயரைப் போட்டே எழுதுகிறேன்.

அதுவரை புதிய பர்னரை நிறுத்திவிட்டுப் பழைய பாய்லரை ஓட்டுங்கள். மேனேஜரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். காரணம் மட்டும் சொல்ல வேண்டாம். தங்கச்சியிடமும் வேண்டாம். அந்த விளக்கைப் பத்திரமாக வைத்திருங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பத்தே நாள், மாப்பிள்ளை.

மச்சான்


செப்டம்பர் 9

மச்சானுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்ப்பீர்கள். என் இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கச்சி எழுதுகிறாள். "அவர் உயிரோடு இருக்கிறார். வர வேண்டாம்" என்று உங்களுக்குச் செய்தி அனுப்பியவளும் அவள்தான். நான் சொல்லி அனுப்பவில்லை.

சனிக்கிழமை காலை உங்கள் பதிவுத் தபால் வந்திருப்பதாக வாசல் காவலர் ஆள் அனுப்பினார். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமே. வாசலுக்கும் பாய்லர் அறைக்கும் கூப்பிடு தூரம்தான். கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். பிரிக்கவில்லை. அப்போதுதான் சத்தம் கேட்டது.

முன்தினம் மேனேஜர் எனக்குத் தெரியாமல் என் இழுப்பறையைத் திறந்து விளக்கை எடுத்துத் தூங்குமூஞ்சியிடம் கொடுத்திருக்கிறார். இனி ஒரு தடவை நின்றால் ஆட்களை மாற்றிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். பர்னரை நிறுத்தச் சொல்லி நான் அதற்கு முன்பே கேட்டுப் பார்த்தேன், உங்கள் பதில் கையில் இல்லாமல் அவர் கேட்கவில்லை. திட்டம் நிறைவேறிய செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. "உங்க மச்சானே பாஸ் போட்டுட்டார், உனக்கென்னய்யா நோவு?" என்று என்னைக் கேட்டார்.

தூங்குமூஞ்சி மறுபடி பக்கத்திலேயே நின்றிருக்கிறார். சுடர் அணைந்திருக்கிறது. கண் விளக்கைப் பார்த்துக்கொண்டு திருப்தியாக இருந்திருக்கிறது. அவர் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் கிடந்த இடம் எரிவாயு வால்வுக்குப் பக்கம். வால்வைப் பாதி மூடியிருந்தார். உலையின் முன்கதவு அவர் மேல் கிடந்தது. அதைத் தூக்கியதில்தான் என் கை வெந்துபோயிற்று. தூக்கியதில் பயன் இருக்கவில்லை.

அவர் பெண்சாதி ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. "அவரு காலையில சாப்பிட்டுட்டுத்தான் வேலைக்கு நின்னாரா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, மச்சான். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

உங்கள் கடிதத்தை நேற்றுத்தான் பிரித்தோம். என் கையில்தான் கட்டு இருக்கிறதே, அவள் பிரித்துப் படித்துக் காட்டினாள். "தங்கச்சியிடமும் வேண்டாம்" என்ற வரியில் நிறுத்திவிட்டாள். அப்புறம் மிச்சத்தையும் படித்தாள்.

திருத்தத்தில் என் பெயரைப் போட வேண்டாம். தூங்குமூஞ்சிக்கு ஒரு பெயர் இருந்தது, ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆலையில் ஒருவருக்கும் அது தெரியாது, எனக்கும்கூட.

*

இனி நானே எழுதுகிறேன். அவர் மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டார்.

அண்ணா, உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் வரைபடத்தைப் பார்த்து உனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இங்கே தபால் வர ஐந்து நாள் ஆகும் என்று உனக்குத் தெரியும். நீ அதில் அவசரமில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் சும்மா கோபத்தில் போட்ட ஒரு சட்டம், அண்ணா. அதை இவர் மீறிக் கூப்பிட்டார். நீ அதற்குள் ஒளிந்துகொண்டாய்.

எழுதுகிறபோது யாராலும் கத்த முடியாது என்று நான்தான் சொன்னேன். ஒருவராவது கத்தியிருக்க வேண்டும்.

ஆலை வண்டி ஓட்டுநர் உன் ஊருக்குப் போகிறார். நாளைக்கு இது உன் கையில் இருக்கும். 12ஆம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும். போன் உன் மேசை மேல்தானே இருக்கிறது.


செப்டம்பர் 13

மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும்,

கடிதம் கையில் வந்த அன்றே மந்திரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அப்புறம் நேரிலேயே போய்க் குழுவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, வரைபடம், ஆகஸ்ட் 22, எடுக்காத போன், பத்து நாள், எதையும் விடவில்லை. யாரும் கத்தவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதைத் தாங்க முடியவில்லை.

நேற்றுக் கையெழுத்து நடக்கவில்லை. நான் பயந்தபடியே முழுத் திட்டமும் திரும்பிவிட்டது. பர்னர் எந்தக் கட்டத்திலும் இல்லை, பிரிவைக் கலைக்கிறார்கள். மற்ற ஆறு பேரும் இன்று பெட்டியில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை நான் இனி அலுவலகத்துக்கு வரக் கூடாது. அந்தப் பழைய புகைபோக்கிகள் இன்னும் பல வருடம் அப்படியே புகையும். இதில் ஒருவருக்கும் நல்லது நடக்கவில்லை. நான் ஜூனில் உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும், பர்னர்கூட.

ஃபோர்மேனின் பெயரை உங்கள் ஆலை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். அவர்கள் தேடி எடுத்துச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. அவர் வீட்டு விலாசமும் வாங்கியிருக்கிறேன். அங்கே என்ன சொல்வது என்று தெரியவில்லை. காலையில் சாப்பிட்டாரா என்று அந்த அம்மா என்னையும் கேட்டால், என் திட்டத்துக்காகத்தான் அவர் சாப்பிடாமல் நின்றார் என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

வர வேண்டாம் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாள். முதல் தடவையாக அவள் தீர்ப்பை மீறுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு இன்று ரயிலேறுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவளிடமே கொடுக்கிறேன்.

படித்துவிட்டு அவள் கத்தட்டும்.